கருவாட்டுக்காரி வீட்டில் உப்பில்லாப் பத்தியம்

கருவாடு விற்கிறவள் உப்பை நம்பித்தான் பிழைக்கிறாள்; அந்த உப்பே வீட்டுக்குள் விரோதியாகிவிட்டால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

இதை எழுதும்போதும் கையில் பாறை மீன்தான். வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, உப்பை அடைத்துச் சாலில், அதுதான் பெரிய மண்பானையில், அடுக்க வேண்டும். நாலு மீன் அடுக்குவேன், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாலு வரி எழுதுவேன். காகிதத்தில் அங்கங்கே நீர் பூத்திருந்தால் அது கண்ணீர் இல்லை, உப்புத்தண்ணி.

என் மாமனாரும் என் வீட்டுக்காரரும் ஜோடியாகக் கட்டுமரத்தில் போகிறவர்கள். போன மாசம் கரையில் மரத்தை இழுக்கும்போது மாமனார் தலை சுற்றி விழுந்துவிட்டார். மணலில் விழுந்ததால் சரியாப் போச்சு. கடலில் விழுந்திருந்தால்? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்தக் கொதிப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். உப்பைப் பாதியாக்கு, புகையிலையை விடு, தினமும் நட, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கு, ஒரு மாசம் கடல் பக்கம் போகாதே, அப்புறம் வந்து காட்டு என்றார் டாக்டர். அந்த ஒரு மாசம் இன்றோடு முடிகிறது. பத்து மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும். கொதிப்பு இறங்கவில்லை என்றால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். இறங்கிவிட்டால் நாளைக்கே கடலுக்குப் போய்விடுவாரே என்று இன்னொரு பயம். வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்போடு நடமாடுகிற உங்களுக்கு இது தெரியும்.

பாவம் பார்த்து உப்புக் குறைத்த கதை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே எனக்குப் புத்தி வேலை செய்தது. என் மாமனாருக்கு உப்பு ஆகாது என்றால், நான் கூடை தூக்குகிற செங்கல்பட்டுத் தெருக்களில் இன்னும் எத்தனை மாமனார்களோ! எத்தனை பேரை நான் என் கையாலேயே படுக்க வைத்திருக்கிறேனோ! அந்த வாரம் பாறைக்குப் பாதி உப்புதான் போட்டேன். புண்ணியம் செய்கிற நினைப்பு. வெயிலில் காய்ந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மனசு நிறைந்து பஸ் ஏறினேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் பாய் வீட்டம்மா நாலு வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறார்கள். மூன்றாம் நாள் அந்தத் தெருவில் நுழைந்ததுமே வாசலில் நின்று கை தட்டிக் கூப்பிட்டார்கள். ஒரு முறத்தில் என் பாறைக் கருவாடு. முறத்தை ஆட்டாமலே அது அசைந்தது. அவ்வளவு புழு. நான் தலையைக் குனிந்துகொண்டு, மாமனார், டாக்டர், பாதி உப்பு என்று முணுமுணுத்தேன். அந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு முழுக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "ஏன் புள்ள, ரத்தக் கொதிப்பு உன் மாமனாருக்கா, இந்த மீனுக்கா?"

ரெண்டு வீட்டுத் தட்டு

அப்புறம்தான் தெளிந்தேன். சாலில் குறைக்க முடியாது, தட்டில்தான் குறைக்க வேண்டும். கருவாட்டை அரிசி கழுவின தண்ணீரில் ரெண்டு மூன்று தரம் ஊற வைத்துப் பிழிந்தேன். நெத்திலிக்கு உப்பே வேண்டாம், மணலில் ஒட்டாமல் வலை விரித்துக் காய வைத்தால் போதும் என்று வீட்டுக்குத் தனியாகக் காய வைத்தேன். கூழில் ஒரு கல் உப்பு. மாமனாரிடம் நேரில் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மூன்று வயசு செல்விதான் நடுவில் தபால். "செல்வி, தாத்தாவைச் சாப்பிடச் சொல்லு" என்பேன். "தாத்தா, சாப்புடணுமாம்" என்று அது ஓடும். "செல்வி, உங்கம்மாவ மோர் ஊத்தச் சொல்லு" என்பார் அவர். அவர் வீட்டில் இருக்கிறதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ரெண்டு பேரையும் விட்டுவிட்டு நான் பஸ் ஏறும்போது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருக்கும்போது அவருக்குத் தலை சுற்றினால் என்று நினைத்து, கூடையைவிட நெஞ்சு கனக்கும்.

பத்து நாள் ஒரு முகச்சுளிப்பு இல்லை. உப்பில்லாததை அப்படிச் சாப்பிட்டார். கடலுக்குப் போகிற மனுஷனுக்கு இவ்வளவு அடக்கமா என்று எனக்குப் பெருமைகூட வந்துவிட்டது. பதினோராம் நாள் செல்வி ஒரு சுறாக் கருவாட்டு முள்ளைக் கையில் வைத்துச் சப்பிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் சுறா சமைத்து மாசமாகிறது. என்னோடு கூடை தூக்குகிற எல்லம்மாக்கா வீடு பக்கத்து வீடு. கேட்டேன். அக்கா கொஞ்சமும் மறைக்கவில்லை. "இன்னாடி பண்றது, உன் வூட்ல குந்தி கூழு குடிச்சிட்டு நேரா எங்க வூட்டாண்ட வந்து நிக்கறாரு. வூட்ல பத்தியம், இங்க பந்தி!"

கார்டு ஐயாவின் நடை

ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ரிடையர்டு ரயில் கார்டு ஐயா இருக்கிறார். சர்க்கரை, கொதிப்பு ரெண்டும் உண்டு. டாக்டர் நடக்கச் சொல்லி ஆறு மாசம் ஆகியும் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். அந்த வீட்டம்மா என்னை வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் தெருமுனைப் புளியமரத்தடியில் அவரே நின்றுகொண்டு, "ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு வஞ்சிரம் குடும்மா" என்றார். முன்பின் தெரியாத ஆம்பிளையோடு முனையில் நின்று ரகசியமாகக் கருவாடு விற்கவா? அந்தம்மா பார்த்தால் என்ன ஆகும்? மறுநாள் அந்த முனைக்கே போகவில்லை, அடுத்த தெருவால் போனேன். அங்கே வந்து நின்றார். அதற்கு அடுத்த நாள் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். மூச்சிரைக்க அங்கேயும் வந்தார். நான் தெரு மாற்ற மாற்ற அவரும் மாற்றிக்கொண்டே வந்தார். பாதி நாள் கண்டுபிடிக்க மாட்டார், வெறுங்கையோடு திரும்பிப் போவார். கண்டுபிடிக்கிற நாளில் உப்பில்லாத நெத்திலியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன், பழி வேண்டாம் என்று.

ரெண்டு வாரம் கழித்து அந்தம்மாவே என்னை நடுத்தெருவில் மடக்கினார்கள். மென்னியைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டேன், ஓட வசதியாக. அவர்கள் சொன்னது இதுதான்: "டாக்டரு சொல்லி நடக்காத மனுசன் உன் கூடையத் தேடி ஊரையே சுத்தியிருக்காரு. சக்கரை எறங்கிகீதாம். இன்னமே ஒரு தெருவுல ரெண்டு நாள் நிக்காத, தெரியுதா?"

நெத்திலி யாருக்கு

அன்று வீட்டுக்கு வந்து செல்வியைத்தான் ஏவினேன். கோயில் பக்கம் கல்லில் யானை செதுக்குகிறார்களே, அதைக் காட்டச் சொல்லித் தாத்தாவைக் கேள் என்றேன். தினமும் அழுதது. அவரும் மணலோடு அவ்வளவு தூரம் அதை நடத்தியும் தூக்கியும் கூட்டிப் போய்வர ஆரம்பித்தார். ஆனாலும் மனுஷன் முகம் தெளியவில்லை. மற்ற மரமெல்லாம் போன பிறகு கரையில் தனியாக உட்கார்ந்திருப்பார். பிள்ளை சாப்பிட்டுப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். பாதித் தட்டு அப்படியே திரும்பும்.

செங்கல்பட்டில் ஒரு ரிடையர்டு டீச்சரம்மா இருக்கிறார்கள். சர்ச்சுக்குப் பின்பக்கம் ஒத்தை வீடு, துணைக்கு ஒரு பூனை. வாரத்துக்கு ரெண்டு தரம் ஒரு பிடி நெத்திலி வாங்குவார்கள். வாங்குகிறதுக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, பேப்பரில் ஒரு பத்தி படிக்க வைத்து, தப்பைத் திருத்தி, அவர்கள் சாப்பிடுகிற அதே கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, அப்புறம்தான் விடுவார்கள். எனக்கு பஸ் போய்விடுமே என்று தவிப்பு. வாய் திறந்து சொல்லவும் கூச்சம். ஒரு நாள் மட்டும் துணிந்து, "கருவாடு உங்களுக்கு ஆகுமா டீச்சர், கொதிப்பு கிதிப்பு இல்லையே?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு டீச்சர் சிரித்தார்கள். "நெத்திலி பூனைக்கு, பேச்சுதான் எனக்கு. நீ வராத நாள்ல நான் கஞ்சியே வைக்கிறதில்ல."

எல்லம்மாக்காவின் வயசு

டீச்சரம்மா சொன்னதை பஸ்ஸில் எல்லம்மாக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் எங்களை எப்போதும் கடைசி சீட்டுக்குத்தான் தள்ளுவார், நாற்றம் என்று. அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். விடிகாலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் மோர், பொழுது சாய்ந்ததும் சோறு, அப்புறம் தூக்கம். புகையிலை கிடையாது. தினமும் தலையில் பாரத்தோடு பத்து தெரு. பல் எல்லாம் இருக்கிறது. அன்றிலிருந்து அக்கா தானாகவே ஒரு காரியம் செய்தார்கள். மாமனார் வந்து நின்றால் சுறா கிடையாது. "வா அண்ணாத்த, என்னோட கூழு குடி" என்று தன் கூழையே பங்கு போட்டார்கள். நானும் பிள்ளையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டுக்காரரையும் கூடவே உட்கார வைத்தேன். தட்டு காலியாகத் திரும்பியது. அதே உப்பில்லாத சோறுதான். "உனக்கு மட்டும் ஏன்க்கா வயசே ஆவல?" என்று நான் கேட்டதற்கு அக்கா முறைத்தார்கள். "வயசாவணும்னா ஒரு நாளு லீவு போட்டுக் குந்தணும்டீ. எனுக்கு எவ குடுக்கறா லீவு?"

நான் பேசின காலை

இது முந்தாநாள் நடந்தது. கரைக்குக் கிட்டத்திலேயே கவலை மீன் கூட்டமாக வந்துவிட்டது. குப்பமே மரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடியது. எங்கள் மரத்துக்கு ஜோடி இல்லாமல் என் வீட்டுக்காரர் தவித்துக்கொண்டு நின்றார். நான் கூடைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். செல்வி ஓடிவந்து, "தாத்தா மரத்துல ஏறிக்கிச்சு" என்றது. அப்புறம் நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மாமனார் கோவணத்தை இறுக்கிக்கொண்டு முன்பக்கம் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் அப்பாவை மறுத்துப் பேசுகிறவர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன், செல்வி கரையிலேயே நின்றுவிட்டது. நடுவில் சொல்ல ஆளில்லை. கல்யாணமாகி அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேர் முன்னாலும்: "மாமா, எறங்குங்க. நீங்க தண்ணியில சாய்ஞ்சா உங்க புள்ள உங்களப் புடிப்பாரா, மரத்தப் புடிப்பாரா? ரெண்டு பேரும் போயிட்டா நான் யாருக்குச் சோறாக்குவேன்?" சேலை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. எங்கேயோ ஒருவன் சிரித்தான். மாமனார் ஒரு அலை வந்து போகிற வரைக்கும் என்னைப் பார்த்தார். பிறகு துடுப்பை மகன் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக இறங்கினார். கரையில் நின்ற எல்லம்மாக்காவின் மகனைத் தனக்குப் பதிலாக மரத்தில் ஏறச் சொல்லிக் கை காட்டினார். என்னைக் கடந்து போகும்போது மாமனார் யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்: "இம்மாம் பேச்ச உள்ள வெச்சிகினு ஒரு மாசமா கொயந்தயத் தொரத்திகினு இருந்துச்சி பாரு."

அதற்கப்புறம் ரெண்டு நாளாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, செல்வி மூலமாகவும் இல்லை. கோபமா, மனசு நொந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவாரா, மாட்டாரா என்றும் தெரியவில்லை. காலையிலிருந்து ஆளையே காணோம், எல்லம்மாக்கா தேடப் போயிருக்கிறார்கள். வேட்டி துவைத்து வைத்திருக்கிறேன், மாத்திரைச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறேன். கடைசிப் பாறைக்கு உப்பு அடைத்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை முழு உப்பு.

மொத்தத்தில் இந்த ஒரு மாசத்தில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், வயசானவர்களுக்கு உப்பைக் குறைக்கிறது சுலபம், நடக்க வைக்கிறதும் சுலபம், ஆனால் அவர்கள் நம் பேச்சைக் கேட்டுவிட்ட பிறகு நமக்கு வருகிற பயம் இருக்கிறதே, அதற்கு எந்த டாக்டரும் இதுவரைக்கும்

"அடியே, இன்னும் இன்னாடி எழுதிகினு கீற? உன் மாமனாரு கொயந்தயோட பஸ்ஸுல ஏறி மொத சீட்ல குந்திகினு, 'எங்க எம் மருமவ, அவ வந்தாத்தான் வண்டி எடுக்கணும்'னு கண்டக்டராண்ட சண்ட போட்டுகினு கீறாரு, ஓடியாடி!"