பனிமூட்டத்தில் மூன்று தட்டு

ஆவி, பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நீலகிரியில், வண்டி மாடே மூச்சு வாங்குகிற உயரத்தில், இரும்புச் சட்டம் நிறுத்தி ஒரு டீ பாக்டரி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொரட்டூரிலிருந்து நானும் என் தங்கை புருஷன் கன்னியப்பனும் சட்டங்களைப் பிணைக்கிற ரிவெட் ஆணி அடிக்கப் போயிருந்தோம். பனிமூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. உத்தரத்தின் இந்த முனையில் நான், அந்த முனையில் மச்சான், சுத்தியலால்தான் பேச்சு. இரண்டு தட்டினால் வா, மூன்று தட்டினால் நில். கேட்டவன் அதேபோல் திருப்பித் தட்ட வேண்டும், அதுவரை தட்டினவன் விடமாட்டான்.

நாலாம் மாதம் மச்சானுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

"உன்ன தனியா வுட்டுட்டு நான் போவ மாட்டேன் மச்சான்" என்று நடுங்கிக்கொண்டே அடம்பிடித்தவனை அதட்டி ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினேன். பிழைப்பானோ மாட்டானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வரமாட்டேன் என்றவனை மலைக்கு இழுத்து வந்ததே நான்தானே.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் நேரம், நல்ல மூட்டம். மறுமுனையில் அன்று ஆளே கிடையாது. அடுத்த உத்தரத்தில் வைக்கக் காலைத் தூக்கினேன். டண், டண், டண். இரும்பு என் உள்ளங்காலில் அதிர்ந்தது. யாருடா அது என்று கத்தினேன், மறுபடியும் மூன்று. எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா, மூன்று திருப்பித் தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் நின்றது. மூட்டம் விலகினதும் பார்க்கிறேன், நான் கால் வைக்க இருந்த உத்தரத்துக்கு ஒரு பக்கம் போல்ட்டே போடவில்லை, சும்மா தொத்திக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஈ காக்கை இல்லை.

மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே முடிவு கட்டி, அன்றே மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன், ரயிலில் வழியெல்லாம் அழுதேன், சொல்ல வெட்கமென்ன. தங்கை வீட்டுக்குள் நுழைந்தால் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான்! கட்டிக்கொண்டு இன்னும் அழுதேன்.

"இன்னா மச்சான் இது, நான் நல்லாத்தான் கீறேன்" என்று சிரித்தான். செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டேன், அவனுக்கு எதுவும் நினைவில்லை. தங்கைதான் சொன்னாள்.

"அன்னிக்குப் பகல்ல காச்சல் ஏறிப்போயி, சொம்ப எடுத்து செவுத்துல தட்டிகினே இருந்தாருண்ணா. மூணு மூணா. புடுங்கினாலும் வுடல. அப்பால திருப்பி மூணு தட்டு கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் தூங்கினாரு."

"அவனுக்குக் கேட்டுச்சா?"

"எனக்குந்தாண்ணா. செவுத்துக்குள்ளேந்து, இரும்புல தட்டுன மாதிரி."

எழுந்து போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மண் சுவர், தொப்பென்றுதான் கேட்டது. இன்றைக்கும் அங்கே போனால் அதில் முதுகு சாய்க்க எனக்கு மனம் வருவதில்லை. மச்சான் மட்டும் தினமும் அதை ஒட்டித்தான் பாய் போடுகிறான்.