வாலில் அழிந்த மை

மயக்க வாயுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எலிகள் மூச்சு விடுவதை எண்ணுவதுதான் என் தொழில். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலை நீளுமா நீளாதா என்று நாளெண்ணும் ஒப்பந்த ஊழியர்களே, இதைப் படிக்க உங்களை விடப் பொருத்தமானவர்கள் யார்?

வீட்டில் விளக்கம்

மும்பை செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடம். இருபத்து நான்கு வெள்ளை எலிகள். பன்னிரண்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் மயக்க வாயு. மற்ற பன்னிரண்டு அதே பெட்டியில் அதே ஒரு மணி நேரம் வெறும் ஆக்சிஜனில் இருக்கும். பத்து தடவை முடிந்ததும், அடிக்கடி மயங்கிய மூளையில் எந்த ஜீன் குரலை உயர்த்துகிறது, எது அடங்கிப்போகிறது என்று பார்ப்பார்கள். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏட்டி, எலிக்கா பஞ்சம்? நம்ம கல்லிச் சந்துக்கு வரச் சொல்லு, கோணி நெறையப் புடிச்சித் தாரேன்."

கழன்ற குழாய்

வெளியேறும் வாயுவை இழுத்துப்போகும் குழாய் ஒருநாள் கழன்றிருந்தது. எனக்குத் தெரியாது. நாற்பது வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தப்பியது, தலை கல்லாகக் கனத்தது. ஆராய்ச்சி மாணவி கல்யாணி, மாட்டுங்காப் பெண், என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். எலிகள் நன்றாக இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"வாயு குடுக்க வேண்டிய எலிகளுக்கு லிஸ்ட் இருக்கு ரோஸக்கா, அதுல உங்க பேரை யாரும் எழுதலை!"

சனிக்கிழமை

எந்த எலி எந்தக் கூட்டம் என்பது வாலில்தான் இருக்கும். வாயு எலிக்குச் சிவப்பு மை, மற்றதுக்குக் கறுப்பு. எலி நக்கி நக்கி மை மங்கும். இரண்டு நாளுக்கொருமுறை மேலே வரைய வேண்டும். அந்த வாரம் மழையில் ரயில் நின்று, நான் வரைய மறந்துவிட்டேன். சனிக்கிழமை கூண்டு கழுவும்போது, கூட்டத்துக்கு ஒன்றாக இரண்டு எலிகளை ஒரே தொட்டியில் விட்டேன். திரும்பப் பார்த்தால் இரண்டு வாலும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஒன்று சற்று மந்தமாக இருந்தது. அதற்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. குத்துமதிப்புதான். யாரும் பார்க்கவில்லை. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. கல்யாணி உள்ளே வந்து, புதிதாக வரைந்த வால்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"எலிகள் உங்க கையில இருக்கிறவரை எனக்குக் கவலையே இல்லைக்கா."

புதன்கிழமை

திங்களன்று அந்தச் சிவப்பு வாலை வாயுப் பெட்டியில் வைத்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. செவ்வாய் முழுக்கச் சோறு இறங்கவில்லை. புதன் காலை சொல்லிவிட்டேன்.

கல்யாணியின் முகம் வெளுத்தது. அவளுடைய உதவித்தொகை நான்கு மாதத்தில் முடிகிறது. மறுபடி முதலிலிருந்து என்றால் படிப்பே நின்றுவிடும். என்னை அவளுடைய பேராசிரியையிடம் கூட்டிப்போனாள். அவர் கேள்வி கேட்கக் கேட்க, நான் தரையைப் பார்த்தே பதில் சொன்னேன். கடைசியில் இரண்டு எலிகளையும் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கிய காரணத்தையும் எழுதி, பதினொன்றுக்குப் பதினொன்றாகத் தொடரச் சொன்னார். என் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மட்டும் நீண்டது.

வெளியே வந்ததும் அழுதேன். கல்யாணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் முழுக்க ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா, அந்த ரெண்டு எலியோட மாறின கணக்கைத்தான் என்னோட பெரிய கண்டுபிடிப்புன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்."

எந்த எலியையும் ஐந்து நிமிடத்தில் தூங்கவைக்கும் கைதான் என்னுடையது, மனசாட்சி ஒன்றுதான் இந்தக் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது.