முப்பத்தேழாம் கட்டு

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் விருத்தாம்பாளின் கொட்டகை இருக்கிறது. கிழிந்த மீன்வலைகளை வாங்குவது அவள் தொழில். வாங்கிய வலையிலிருந்து மிதவையையும் ஈயக்குண்டையும் அறுத்தெடுத்து, உப்புப் போக அலசி, ரகம் பிரித்துக் கட்டு கட்டி விற்பாள். அவள் கணவன் பாண்டியன், முழங்கால் வலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்தியபிறகு, கட்டு கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டான் என்றால், பெரும்பாலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான்.

முன்பெல்லாம் படகுக்காரர்கள் கிழிந்த வலையைக் கடலிலேயே தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். விருத்தாம்பாள் படகு படகாக ஏறிச் சண்டை போட்டு அந்தப் பழக்கத்தை நிறுத்தினாள்.

"கடல்ல போட்ட வலை சும்மா கெடக்குமா? ஆள் இல்லாமயே அது பாட்டுக்கு மீன் புடிச்சிக்கினு இருக்கும். ஒனக்குப் போட்டியா நீயே ஒரு ஆள எறக்கி வுட்டுட்டு வர்றியே, அறிவு இருக்குதா?" என்பாள். மீன் குறைகிறது என்ற பயத்திலோ, அவள் வாய்க்குப் பயந்தோ, வலைகள் கரைக்கு வரத் தொடங்கின.

போன வருஷம் கீரப்பாளையத்துப் பையன் சிவசங்கர் கொட்டகைக்கு வந்தான். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தான். டென்மார்க் கம்பெனி ஒன்று பழைய நைலான் வலையை உருக்கித் தரைவிரிப்பு செய்கிறதாம். இந்தக் கரையின் வலையை அங்கே அனுப்ப இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு சோதனை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம்.

"தரைவிரிப்பா? எந்தத் தரையில?" என்று கேட்டாள் விருத்தாம்பாள்.

"ஆபீஸ், ஓட்டல்ல எல்லாம் கீழ போடுவாங்கக்கா. அதும்மேல நடப்பாங்க."

"நம்ம வலை மேலயா? வெள்ளக்காரனா?" அவளுக்கு அந்த எண்ணம் பிடித்துப் போயிற்று.

ஆனால் வலை புறப்படுவதற்கு முன்னால் காகிதம் புறப்பட்டு வந்தது. முதல் படிவம், கடலைச் சுத்தம் செய்ய உதவி கொடுப்பவர்கள் அனுப்பியது. இந்த வலைகள் குப்பைதான் என்று அவள் உறுதி கூற வேண்டும். இரண்டாவது படிவம், கப்பலில் ஏற்றுபவர்கள் அனுப்பியது. இந்த வலைகள் குப்பை இல்லை, தொழிற்சாலைக்கான சரக்கு என்று அவள் உறுதி கூற வேண்டும். ஒரு நாட்டின் குப்பையை இன்னொரு நாட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்தக் கெடுபிடி என்று சிவசங்கர் விளக்கினான்.

"அது நியாயந்தான்," என்றாள் விருத்தாம்பாள். "ஆனா தம்பி, ரெண்டுலயும் ஒரே கையெழுத்து போட்டா நான் பொய் சொல்றது எந்தக் காயிதத்துல?"

சிவசங்கருக்கும் தெரியவில்லை. அவனுடைய மேலாளருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் முப்பத்தெட்டுக் கட்டுகள் குப்பையாகவும் இல்லாமல் சரக்காகவும் இல்லாமல் கொட்டகையில் கிடந்தன. கடைசியில் நேரில் பேசித் தீர்க்கலாம் என்று முடிவாயிற்று. கடலூர்க்காரர்களுக்கும், இதே ஏற்பாட்டில் சேர்ந்திருந்த பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கும் தோதாக, சிதம்பரம் கீழவீதி ஓட்டல் ஒன்றின் மாடியில் கூட்டம்.

டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற அம்மாள் வந்திருந்தாள். விருத்தாம்பாள் அவளை வந்த நிமிஷத்திலிருந்து கிருஷ்ணம்மா என்றுதான் கூப்பிட்டாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். நம் பக்கத்தில் ஏற்றுமதி விவகாரம் தெரிந்த சக்கரபாணி என்ற ஆலோசகர். மாதிரிக்கென்று சிவசங்கர் முப்பத்தேழு என்று எண் போட்ட கட்டைக் கொண்டுவந்திருந்தான். அது ஏன் என்றால் கதவோரம் இருந்தது, அவ்வளவுதான். கட்டைத் தூக்கப் பாண்டியனும் வந்திருந்தான். முப்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து அவன் முகம் சரியில்லை. "வேற கட்டு எடுத்தாரலாமே" என்று வேனிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

காலை பத்து மணிக்குத் தொடங்கிய பேச்சு, பன்னிரண்டு மணிக்கும் குப்பையா சரக்கா என்பதிலேயே நின்றது. டீ வருவதற்கு முன்னால் குப்பையாக இருந்தது, டீக்குப் பிறகு சரக்காயிற்று, முறுக்கு வந்தபோது மறுபடியும் குப்பையாயிற்று. கடைசியில் கிர்ஸ்டன் ஒரு வழி சொன்னாள். ஒரே ரகப் பிளாஸ்டிக்காக, கழுவி, கலப்பில்லாமல் இருந்தால் சரக்கு. கலந்திருந்தால் குப்பை, வாங்க மாட்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவள் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்தாள். வலையில் வைத்து அழுத்தினால் என்ன ரகம் என்று சொல்லுமாம். கட்டின் மேலே இருந்தது கறுப்பு வலை. கருவி கீச்சென்றது, ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி கீச். கறுப்பு நிறத்தை அதனால் படிக்க முடியாது என்று கிர்ஸ்டன் சங்கடத்தோடு ஒப்புக்கொண்டாள்.

விருத்தாம்பாள் எழுந்தாள். "ஒரு அண்டா தண்ணி கொண்டாரச் சொல்லு தம்பி. நைலான் அடியில போயிடும், மத்தது மெதக்கும். இதுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

ஓட்டல் சமையலறையிலிருந்து சாம்பார் அண்டா ஒன்று வந்தது. அண்டாவை இரவல் கொடுத்த சமையல் மாஸ்டர், அதை மீன்வலைக்கா கேட்டார்கள் என்று தெரிந்ததும் கதவருகே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

விருத்தாம்பாள் கட்டை அவிழ்த்து ஒரு துண்டு அறுத்தாள். தண்ணீருக்குள் விட்டுக் காற்றுக்குமிழைப் பிழிந்தெடுத்துக் கையை எடுத்தாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொரு துண்டு, அதுவும் மூழ்கிற்று. கிர்ஸ்டன் கை தட்டினாள். விருத்தாம்பாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மேலாக்கப் பாத்தா போதுமா? நடுவுலயும் பாருங்க" என்று கட்டின் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி இழுத்தாள்.

வந்தது பச்சை நிற இழுவலை. அண்டாவில் போட்டாள். மிதந்தது. அமுக்கினாள், மேலே வந்தது. கோபத்தோடு அமுக்கினாள், இன்னும் வேகமாக வந்தது.

விருத்தாம்பாள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"யோவ். இன்னாய்யா இது?"

"கட்டு கொஞ்சம் ஒல்லியா இருந்திச்சி, விருத்தா. மத்த கட்டோட வெச்சிப் பாக்கறப்ப நல்லா இல்ல. அதான் நடுவுல கொஞ்சம்..."

"அழகு பாத்தியா? பொண்ணு பாக்கவா வந்துருக்காங்க? பத்து வருசமா ஒருத்தன் என்னிய கலப்படம்னு சொன்னதில்ல. டென்மார்க்லேர்ந்து ஆள வரவெச்சி மானத்த வாங்கறியே! இந்த அண்டாவுல ஒன்னியப் போட்டா நீ இன்னா ரகம்னு தெரிஞ்சிடும்!"

இதைவிட நீளமாகவும் பேசினாள். அதை அச்சில் போட முடியாது. கிர்ஸ்டன் சிவசங்கரின் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சிவசங்கர், தரக்கட்டுப்பாடு பற்றிக் கணவரோடு கலந்தாலோசிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

விருத்தாம்பாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். முகம் சிவந்திருந்தது. "கிருஷ்ணம்மா, இந்தக் கட்டு குப்பை. நானே சொல்றேன். மத்த முப்பத்தேழையும் பிரிச்சி, ஒண்ணொண்ணா தண்ணியில போட்டுப் பாத்துதான் தருவேன். அது வரைக்கும் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்து போட மாட்டேன்."

இதைச் சிவசங்கர் அப்படியே மொழிபெயர்த்தான். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று தள்ளிய ஆளை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்றார் சக்கரபாணி. கிர்ஸ்டன் நோட்டில் ஏதோ எழுதினாள். அதன்பிறகு பேச்சு தடங்கலின்றி நடந்தது. கரைக்கு வரும்போது வலை குப்பை, தண்ணீரில் சோதித்துத் தேறிய கட்டு மட்டும் சரக்கு என்று இரண்டு படிவங்களையும் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு கட்டிலும், அதைக் கட்டியவர் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். சாம்பார் அண்டாவுக்குப் பதில் புதிது வாங்கித் தருவதாகச் சிவசங்கர் எழுதிக் கொடுத்தபிறகுதான் மாஸ்டர் வழிவிட்டார்.

கட்டுகளைப் பிரித்துப் பார்க்கப் பதினேழு நாள் ஆயிற்று. மேலும் இரண்டில் பச்சை வலை கிடைத்தது. பாண்டியன் அந்தப் பதினேழு நாளும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. தன் பெயர் கப்பலேறப் போகிறது என்றதும் அட்டைகளைத் தானே எழுதினான், இனிஷியலோடு. சித்திரையில் கண்டெய்னர் போயிற்று. ஒரு கட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது பரங்கிப்பேட்டைப் பெண்கள் நான்கு பேர் அவளிடம் ரகம் பிரிக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். டென்மார்க்கில் நடக்கும் கூட்டத்துக்கு வரச் சொல்லி அவளுக்கு அழைப்பும் வந்திருக்கிறது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டார். "எங்க வலைய எப்படி வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வரணும் சார்" என்றாள். கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிற மாதிரி சொல்கிறாளே என்று அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அமிர்தம் சாக்லெட் கேட்டிருக்கிறாள். படகுக்கார இளவரசு, அங்கே கிடைக்குமாம் என்று இஞ்சின் பாகம் ஒன்றைப் படம் வரைந்து கொடுத்திருக்கிறான். பாண்டியன் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு நாளைக்குக் குழம்பு யார் வைப்பது என்று மட்டும் கேட்டான்.

"பரங்கிப்பேட்டைக்காரங்க வருவாங்க, அவுங்ககிட்ட கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, விருத்தாம்பாள் அன்றைக்கு வந்த வலையை அலசப் போனாள்.