சிட்னியிலிருந்து வர எவ்வளவு நேரம்?

யாராவது படியேறி வந்தால் பனாரெத்தோஸ் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. வந்தவர் உட்காருகிறாரா, நிற்கிறாரா என்றுதான் பார்ப்பார். கல்யாணத்துக்கு டிக்கெட் போட வந்தவர்கள் நின்றுகொண்டே சளசளப்பார்கள். சாவுக்கு வந்தவர்கள் சொல்லாமலே நாற்காலியை இழுத்துக்கொள்வார்கள். கிரேக்க நாட்டின் கிதீரா தீவில் அவர் விமான டிக்கெட் விற்க ஆரம்பித்து முப்பது வருடம் ஓடிவிட்டது. தீவில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் சிட்னியில். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: வர எவ்வளவு நேரம்?

"ஆகாசத்துல பதினஞ்சாயிரம் கிலோமீட்டரு. அது ஒரு நாள் கூத்து" என்பார், கண்ணைத் தேய்த்தபடி. "ஏதென்ஸ்லேருந்து இங்க வர்ற முக்கால் மணி நேரம் இருக்கே, அதுதான்யா தூரம்!"

குளிர்காலக் காற்று கிளம்பினால் சின்ன விமானமும் வராது, கப்பலும் வராது. பிணத்தை இங்கே ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஏதென்ஸில் மாட்டிக்கொண்ட மகன்கள் போனில் அவரைத்தான் திட்டுவார்கள். காற்றுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டே மனிதர் களைத்துப்போனார். அதனால் யார் கேட்டாலும் அரை நாள் கூட்டியே சொல்வார், பிள்ளைகள் முன்கூட்டியே கிளம்பட்டும் என்று. ஊர் லேசுப்பட்டதா? அவர் சொன்னதில் அரை நாளைக் கழித்துக்கொள்கிறது.

நேற்றுக் காலை ஸ்தமாத்தா வந்து உட்கார்ந்தார். கணவர் மினாஸ் ஒரு வாரமாகப் படுக்கையில்.

"ரெண்டு தடவ கிறிசாந்திய வரவழைச்சேன், தம்பி. பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்தா, இந்த மனுசன் கட்டில்ல உக்காந்துக்கிட்டு மீன் சூப்புல எலுமிச்சம்பழம் பத்தலன்னு சண்டை போடுறாரு. மூணாவதா கூப்பிட்டா நம்புவாளா?"

"இப்ப எப்படி இருக்காரு?"

"சண்டை போடல."

பனாரெத்தோஸ் போனை எடுத்தார். சிட்னியில் அப்போது சாயங்காலம். விஷயத்தைச் சொன்னதும் கிறிசாந்தி கேட்டது ஒன்றுதான்.

"அம்மா அங்க வந்து உக்காந்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப டிக்கெட் போடுங்க, மாமா."

இனிமேல்தான் அவருக்குப் பிடிக்காத வேலை. போக வரச் சேர்த்து எடுத்தால்தான் விலை கட்டும். அதற்குத் திரும்பும் தேதி வேண்டும். முப்பது வருடமாகக் கேட்கிறார், இன்னும் வாய் கூசுகிறது.

"அக்கா, அவ திரும்புற தேதி..."

முந்தைய இரண்டு முறையும், "பத்து நாள் போதும், அவளுக்கு வேலை இருக்குல்ல" என்று பட்டென்று சொன்னவர் ஸ்தமாத்தா. இந்த முறை எழுந்து சுவர்க் காலண்டரிடம் போனார். ஒரு தாளைப் புரட்டினார். விரல் வாரம் வாரமாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு மறுநாள் போடு, தம்பி."

வீட்டில் மினாஸ் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். பனாரெத்தோஸ் எழுந்து வந்தார். காலண்டரில் நின்ற அந்த விரலை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.