ஒயில் பில்டரில் வைத்த பொட்டு

எனக்கு இன்றைக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு காரின் பெயரைச் சொல்லி, அது உதவாது என்றால் உடனே கோபம் வந்துவிடும். எங்கே சேர்விஸ் செய்தீர்கள், யார் செய்தது, கண்ணால் பார்த்தீர்களா என்று பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். பிள்ளைகள் என்னைக் காருக்கு வக்கீல் என்று பகிடி பண்ணுவார்கள். அந்தக் கோபம் என்மீதுதான் என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் லண்டனின் மேற்குப் பக்கத்தில் ஒரு கராஜில் எனக்கு வேலை கிடைத்தது. கார் செய்யும் கொம்பனியின் பெயர்ப்பலகை வாசலில் தொங்கியதால் எங்கள் தமிழ் ஆட்கள் அதைக் கொம்பனி கராஜ் என்றார்கள். நான் மெக்கானிக் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கழுத்துப்பட்டியோடு நின்று, வருகிற கார்களின் விபரம் எழுதி, வேலை முடிந்ததும் சேர்விஸ் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுப்பவன். அதற்கு முன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்தவனுக்கு அந்தக் கழுத்துப்பட்டி கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. கண்டவர்களிடமெல்லாம், எங்களிடம் கொண்டுவாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் திரிந்தேன்.

அப்போது பிளேஸ்டோவில் ஓர் அறையை இன்னொருவரோடு பங்குபோட்டு இருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. அண்ணை என்று கூப்பிடுவேன். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தன் கோட்டை எனக்குத் தந்துவிட்டு இரண்டு சுவெற்றரோடு வேலைக்குப் போனவர். கல்யாணம் முடித்த கையோடு இங்கே வந்தவர், மனைவியின் விசாவுக்காக ஐந்து வருடமாகக் காத்திருந்தார்.

விசா கிடைக்கும் போலத் தெரிந்தபோது அண்ணை ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் கொம்பனியின் கார்தான். என் பேச்சைக் கேட்டு வாங்கவில்லை. ஊரில் அவருடைய அப்பா முப்பது வருடமாக வைத்திருந்ததும் அதே கொம்பனியின் கார். யுத்தத்தால் ஊரில் பெற்றோல் கிடைக்காமல் போன பிறகு, கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

"மண்ணெண்ணையில ஓடுற கார் தம்பி, பெற்றோலில ஓடாதோ?" என்று அண்ணை கேட்டார். அந்தக் காரைத் தானே செய்து முடித்ததுபோல அவருக்குப் பெருமை.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலில் பூசை செய்வித்தோம். ஐயர் பொனற்றில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். அண்ணைக்கு அது போதவில்லை.

"ஓடுறது எஞ்சின். மூடிக்குப் பொட்டு வைச்சு என்ன பிரயோசனம்?" என்று பொனற்றைத் திறந்தார். முன்பக்கம் தெரிந்த ஒரு வெள்ளை டப்பாவில், நடுவே பார்த்து, சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, அது ஒயில் பில்டர். ஒவ்வொரு சேர்விசுக்கும் கழட்டி எறியிற சாமான்."

"பரவாயில்லை. அடுத்த சேர்விஸ் வரைக்கும் காக்கட்டும்" என்றார்.

கராஜில் நடந்ததை நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் தெரிந்திருந்தால் ஒருவேளை வேலையை விட்டிருப்பேன். வேலை குவிந்த நாட்களில் சில கார்கள், அடிப்பக்கம் பார்க்க உயர்த்தும் தூக்கியில் ஏறாமலே திரும்பி வந்தன. வெளியே நன்றாகக் கழுவி, உள்ளே ஒயில் குறைந்திருந்தால் கொஞ்சம் விட்டு, சேர்விஸ் முடிந்தது என்ற கடதாசியை என்னிடம் நீட்டுவார்கள். நான் முத்திரை குத்துவேன். எங்கள் மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிறிஸ்மஸ் விருந்தில் மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு எனக்கு இருக்கிறதா என்று வருடம் தவறாமல் பார்த்தவர். கேள்வி கேட்கிறவனின் காரை ஒழுங்காகச் செய்வார். எங்கள் ஆட்களோ கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள். பழைய சாமான்களைக் காட்டு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டு, நன்றியும் சொல்லி, சிலர் வடைப்பொட்டலமும் தந்துவிட்டுப் போவார்கள்.

கார் பழுதாகித் திரும்பி வந்தால் சொல்வதற்கு மேற்பார்வையாளரிடம் ஒரு வசனம் இருந்தது. இந்த எஞ்சின்களே இப்படித்தான். அதை நானும் பாடமாக்கிக்கொண்டேன்.

அண்ணையின் கார் முதல் சேர்விசுக்கு வந்தபோது, இது என் சொந்தக்காரரின் கார், கவனமாகச் செய்யுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் கண்ணடித்தார். உள்ளே போய்ப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று முத்திரையும் என் கைதான்.

விசா பிறகும் இழுபட்டு, கடைசியில் அண்ணி ஒரு சனிக்கிழமை காலையில் ஹீத்ரோவில் வந்து இறங்க இருந்தார். அண்ணை புதுச் சேட்டு வாங்கிப் போட்டிருந்தார். நான் பூங்கொத்தோடு பக்கத்தில் இருந்தேன். நோர்த் சேர்க்குலர் வீதியில் பாதித் தூரம் போகவில்லை, எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. ஒயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணை ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

பொனற்றைத் திறந்தோம். எரிந்த ஒயில் மணம் முகத்தில் அடித்தது. முன்பக்கத்தில் அதே டப்பா. வெள்ளை நிறம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதன் நடுவே, சூட்டில் காய்ந்து இறுகி, மண்ணிறமாகிப் போன ஒரு வட்டம்.

அண்ணை அதைப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பார்க்கவில்லை என்று அந்த நிமிடமே முடிவுசெய்துகொண்டேன்.

"என்ன தம்பி நடந்தது?" என்று கேட்டார்.

"இந்த எஞ்சின்களே இப்பிடித்தான் அண்ணை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஓம், அப்பிடித்தான் போல" என்று சொல்லிப் பொனற்றை மெதுவாக மூடினார்.

அண்ணி நாலு மணித்தியாலம் காத்திருந்தார். ஒரு வாடகைக் காரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெல்லிய பருத்திச் சேலையோடு பெட்டிமேல் இருந்து அழுதுகொண்டிருந்தார். அண்ணை வரமாட்டார் என்று நினைத்துவிட்டாராம். புதுச் சேட்டெல்லாம் கறுப்பாக நின்ற அண்ணையைப் பார்த்து அழுகை இன்னும் கூடியது. நான் பூங்கொத்தை எங்கே தவறவிட்டேன் என்று நினைவில்லை.

அதன்பிறகு அண்ணை போகுமிடமெல்லாம், "அந்தக் கார் மட்டும் எடுக்காதேங்கோ" என்று சொன்னார். அவர் அதிகம் பேசாதவர், அதனால் எல்லோரும் நம்பினார்கள். எங்கள் கராஜ் முத்திரையோடு பழுதான வேறு கார்களின் கதைகளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் அந்தக் கொம்பனியின் கார்கள் வரிசையாக நிற்கும். இரண்டு வருடத்தில் அத்தனையும் ஜப்பான் கார்களாகின. எங்கோ ஒரு தொழிற்சாலையில் அந்த எஞ்சினைப் பார்த்துப் பார்த்துப் பூட்டி அனுப்பியவன், தன் கார் ஏன் விலைப்படவில்லை என்று தலையைப் பிய்த்திருப்பான். அவனை நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வாசலிலிருந்த பெயர்ப்பலகையையும் ஒருநாள் கழற்றினார்கள். காட்சியறையில் கம்பளம் விற்க வந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிய வேலை அதோடு போனது.

வேலை போன அந்த வாரம்தான் எனக்குத் துணிவு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீது அருவருப்பு வருகிறது. அண்ணையும் அண்ணியும் அப்போது ஹரோவுக்கு மாறியிருந்தார்கள். பின்னேரம் போனேன். அண்ணி தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனதும் எல்லாவற்றையும் கொட்டினேன். முத்திரை, கண்ணடிப்பு, பில்டர், எல்லாம். கேட்டு முடியும்வரை அண்ணை கோப்பையைத் தொடவில்லை.

"பொட்டு வைச்சவன் நான் எல்லோ தம்பி. எனக்குத் தெரியாதே?" என்றார்.

அப்போதுதான் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"கராஜில பிழை எண்டு சொன்னா முதல்ல உம்மடை வேலைதான் போகும். கார் எண்டு சொன்னா ஆருக்கு நட்டம்? அது வாயில்லாச் சாமான்."

எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு நீலக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய அப்பாவின் கையெழுத்து. கொழும்பு வழியாக யாரோ கொண்டுவந்தது. எங்களுடைய காரைப் பற்றி நீ எழுதியிருப்பதை என்னால் நம்ப முடியவில்லை, அதில் பிழை வராது, நீதான் ஒயில் மாற்றாமல் அலட்சியமாக ஓடியிருப்பாய், உன் குற்றத்தை வாயில்லாத ஒன்றின்மேல் போடப் பழகாதே என்று இருந்தது. மேலே போட்டிருந்த திகதி அவர் சாவதற்குக் கொஞ்சக் காலம் முந்தியது. அந்த மனிதர் செத்து அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

"அப்பாவுக்கெண்டாலும் உண்மையை எழுதியிருக்கலாமே அண்ணை."

"ஊரில கடிதம் வந்தா ஒழுங்கை முழுக்க வாசிச்சுக் காட்டுவினம். உம்மடை அம்மாவுக்கும் கேட்கும்" என்றார். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"நீர் ஒருக்கா வந்து சொல்லுவீர், அப்பாவுக்கு நானே எழுதிறன் எண்டும் சொல்லுவீர். அதுக்குப் பிறகு எழுதுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."