பதினெட்டாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய கார்

கதவைத் திறந்ததும் வந்த அந்த லெதர் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் கருவாட்டு வாசம்தான். அதற்கு நடுவில் ஒரு வெள்ளை ஜெர்மன் கார்... உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வேறு ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் அப்போது ராமேஸ்வரத்தில் ஒரு டிராவல்ஸில் டிரைவர். பதினாறு வருஷமாக அடுத்தவர் வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிற வசதியானவர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் பெரிய கார் கேட்கிறார்கள், அதை மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது, நம்மிடமே ஒன்று இருந்தால் இனி யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டாம் என்று அவருக்கு ஒரு ஆசை.

புதுசு வாங்க நமக்கு ஏது வழி? செகண்ட் ஹேண்டில் தேடினோம். கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சியது.

மதுரையில் ஒரு ஷோரூமில் இருந்தது தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பதினான்கு லட்சம். ஒரு வருஷம் வாரண்டி.

இன்னொன்று எங்கள் ஊரிலேயே, போட் ஓனர் சூசை மாமா வீட்டு வாசலில். மகன் ஆசையாக வாங்கிவிட்டு வெளிநாடு போய்விட்டான். ஆறு வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான். ஒன்பதரை லட்சம். வாரண்டிதான் கிடையாது.

"நாந்தான் வாரண்டி. ஞாயித்துக்கெழமயானா மாதா கோயில்ல பாத்துக்கிறோம்ல, நான் எங்க ஓடிறப் போறேன்?" என்றார் மாமா.

நான் ஐஸ் பிளாண்டில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். பழைய பில்லின் பின்பக்கத்தில் இரண்டு வண்டிக்கும் விலை, கிலோமீட்டர், டீசல் மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் மாமா வண்டிதான் ஜெயித்தது. ஓடின வண்டி தேய்ந்திருக்கும், ஓடாத வண்டி புதுசு மாதிரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர்தான் கொஞ்சம் இழுத்தார். ராம்நாட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்துவிடலாமே என்றார்.

"ஒரே கோயிலுக்குப் போறோம். அவரு வண்டியச் சந்தேகப்பட்டுத் தூக்கிப் பாத்தோம்னா, அப்புறம் அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?"

இதைச் சொன்னது நான்தான். அவர் லிஃப்ட் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

என் நகை போனது, எடுத்த சீட்டுப் பணம் போனது, மீதிக்கு லோன். அவர் டிராவல்ஸில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார். டாக்ஸி போர்டு மாற்ற எஃப்.சி. எடுக்க வேண்டும் என்று ராம்நாட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டோம். லிஃப்டில் அப்போதுதான் ஏற்றினார்கள்.

மெக்கானிக் அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது... ஊறின ரஸ்கில் விரலை வைத்து அழுத்தினது மாதிரி. பொலபொலவென்று துரு தரையில் கொட்டியது.

"வண்டி எங்கனண்ணே நின்னுச்சு? எந்தத் தண்ணில கழுவுனாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தெருவுக்கே தெரியும். சூசை மாமா தினமும் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்து மகன் வண்டியைக் குளிப்பாட்டுவார். மணல் ஒட்டியிருக்கக் கூடாது என்று குனிந்து அடியிலும் அடிப்பார். எல்லாம் வீட்டு போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு.

வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்து, அடிக்கடி மாற்றுகிறவர்கள் நாங்கள். பிள்ளைகள் சைக்கிள் செயின் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்கள். அப்படியும், ஜெர்மன்காரன் இரும்பை நம்ம ஊர் உப்பு ஒன்றும் செய்யாது என்று எப்படித்தான் நினைத்தேனோ! மதுரை வண்டியின் வாரண்டியிலும் துருவுக்கு இடமில்லையாம், பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த வண்டி கடலையே பார்த்திருக்காதே.

சரி செய்ய மெக்கானிக் சொன்ன தொகைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். மாமாவிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும் என்று நான் பொருமிக்கொண்டே வந்தேன். பாம்பன் பாலம் ஏறும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏமாத்திருந்தா போயிச் சண்ட போடலாம் ஸ்டெல்லா. மகன் வண்டின்னு ஆசையாக் கழுவிருக்காரு மனுசன். அவருட்ட என்னன்னு சொல்லிக் கேக்க?"

கேட்கவில்லை. வண்டி ஸ்பேர் பார்ட்ஸுக்குப் போனது. ஒரு சவாரிகூட ஓடவில்லை. அவர் அதே டிராவல்ஸுக்கு, அதே முதலாளியிடம் திரும்பிப் போனார். நீதானே தூக்கிப் பார்க்க வேண்டாம் என்றாய் என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். சொல்லாததுதான் உள்ளே உட்கார்ந்து அறுக்கிறது.

லோன் போன வருஷம்தான் முடிந்தது. போன வாரம் கோயம்புத்தூரில் இருக்கிற என் தம்பி ஒரு வண்டியின் போட்டோ அனுப்பினான். அதே மாதிரி பெரிய கார். இப்போது எனக்கு எல்லாம் கேட்கத் தெரியும். எந்த ஊரில் நின்றது, யார் ஓட்டினார்கள், அடியில் லிஃப்டில் ஏற்றி எடுத்த வீடியோ, வாரண்டியில் எது எது கிடையாது என்று ஒன்று விடாமல் கேட்டு வாங்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. விலையும் நாம் முக்கி முனகினால் எட்டுகிற விலைதான்.

மத்தியானம் அவர் சாப்பிடும்போது போனை முன்னால் நீட்டினேன். அந்தக் காலத்தில் என்றால் கை கழுவிவிட்டு வந்து டயரின் பட்டன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் பெரிசு பண்ணிப் பார்ப்பார். இப்போது தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல வண்டிதான்," என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "மொதலாளி ஒண்ணு வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவருக்கு அனுப்பி விடு."