ஊர்த்தெருவில் சூடாகும் வண்டி

மக்கள் தங்கள் உரிமைகளுக்காகப் போராடிய வரலாற்றுப் பாடம் வரும் வாரங்களில் எனக்கு வகுப்பில் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் பிள்ளைகள் இதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். மிஸ் இன்றைக்கு நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவார் என்று அவர்களுக்குள் பேச்சு. 'அந்தக் காலத்தில்' என்ற சொல் புத்தகத்தில் வந்துவிட்டால் போதும், என் கால்கள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலையத் தொடங்கிவிடும். அதற்குக் காரணம் ஒரு பழைய மொபெட்.

அந்த மொபெட் என் அப்பாவுடையது. அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் கடைசியில் இருந்த காலனியில் நாங்கள் குடியிருந்தோம். அங்கிருந்து பள்ளிக்கூடம் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. அப்பா தோட்ட வேலைக்குப் போகுமுன் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவார். தெரு தொடங்கும் வேப்பமரத்தடி வந்ததும் வண்டியை அணைத்து இறங்கிவிடுவார். நானும் இறங்க வேண்டும். அவர் தள்ளிக்கொண்டு முன்னால் நடப்பார், நான் பின்னால். தெரு முடிந்து ரேஷன் கடை வந்தபிறகுதான் மறுபடியும் ஏறிக்கொள்வோம். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி சூடாயிரும் கண்ணு" என்றார்.

நான் நம்பினேன். ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள். அவிநாசிக்குத் தேர் பார்க்கப் போனபோது அத்தனை தூரம் ஓடியும் சூடாகாத வண்டி, மேடே இல்லாத இந்தத் தெருவில் மட்டும் ஏன் சூடாகிறது? ஒருமுறை காலனி மெக்கானிக் அண்ணனிடம் நானே போய்ப் புகார் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த ரிப்பேரு நம்ம கடையில ஆவாது அம்மணி" என்றார். பெரிய கம்பெனிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாக ஒரு மிஸ் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பாடத்தைப் படிக்கச் சொல்லாமல் நடிக்கச் சொல்வார். அன்றைக்குப் பெஞ்சுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி நடுவே ஒரு தெருவை உண்டாக்கினார். "அந்தக் காலத்துல சில பேர் சில தெருவுக்குள்ள செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிள்ல போகக் கூடாது. இறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும். அதை எதிர்த்து எத்தனையோ பேர் போராடினாங்க, சட்டமும் வந்துச்சு" என்றார். பிறகு, யார் நடிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதுவும் தேவலாம்.

மூலையில் இருந்த விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வாயால் சத்தமிட்டபடி ஓட்டிவந்தேன். தெருமுனையில் வண்டியை அணைத்தேன். இறங்கினேன். தோளில் இல்லாத துண்டை எடுத்து அக்குளில் இடுக்கினேன். இல்லாத வேட்டியின் மடிப்பை அவிழ்த்து விட்டேன். ஒருதரம் இருமினேன். அப்புறம் இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல், முன்சக்கரத்தை மட்டும் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போனேன். வகுப்பு கைதட்டியது. மிஸ்ஸும் தட்டினார்.

"இவ்வளவு தத்ரூபமா யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பா இப்படித்தாங்க மிஸ் தள்ளுவாரு. எங்க வண்டி ஊர்த்தெருவுல சூடாயிருமுங்க."

மிஸ்ஸின் கைகள் தட்டுவதை நிறுத்தின. ஊர்த்தெருப் பிள்ளைகள் குனிந்து பெஞ்சைப் பார்த்தார்கள். காலனிப் பிள்ளைகளும் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். "அந்தக் காலத்துல..." என்று தொடங்கினார் மிஸ். புத்தகத்தை மூடிவிட்டு எங்களை விளையாடப் போகச் சொன்னார். நான் நன்றாக நடித்ததற்கான பரிசு இது என்று நினைத்து முதல் ஆளாக ஓடினேன்.

மாலையில் மிஸ் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். ரேஷன் கடை வந்ததும் பழக்கத்தில் என் கால் கீழே போயிற்று. மிஸ் ஒரு கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். "உட்காரு" என்றார். மறு கையால்தான் ஓட்டினார்.

எங்கள் பக்கத்து மனிதர்களின் மரியாதை ஊரறிந்தது. கழுத்தை வெட்டுவதானாலும் 'கொஞ்சம் குனியுங்க' என்றுதான் சொல்வார்கள். அப்பா வேலை பார்க்கும் தோட்டத்துக்காரர் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க டீச்சர், இந்தப் பக்கம்? மோரு குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எறங்கி நடந்து போயேன் கண்ணு, டீச்சருக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்.

"எனக்குச் சிரமம் இல்லைங்க" என்றார் மிஸ். ஸ்கூட்டர் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன்: மிஸ் வண்டி சூடாகவே இல்லை, நம் வண்டியை விற்றுவிடலாம். அம்மா கரண்டியை ஓங்கினாள். பிறகு அடிக்காமல் அப்பாவைப் பார்த்தாள். "டீச்சரம்மா நாளைக்கு மாத்தலாயிப் போயிருமுங்க. தோட்டத்து வேலை போச்சுன்னா நாம எங்கீங்க போறது?" அப்பா எழுந்து வெளியே போனார். வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். என் நடை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் வேப்பமரத்தடியில் அப்பா இறங்கினார். நானும் இறங்கினேன்.

"நீ ஏறு" என்றார்.

"வண்டி சூடாயிருமுங்கப்பா."

"ஆவுட்டும். ஏறி உக்காரு."

அவர் தள்ள, நான் உட்கார்ந்து போனேன். தோட்டத்துக்காரர், "ஏப்பா, பாப்பாவுக்கு என்ன?" என்று விசாரித்தார். "கால்ல சுளுக்குங் சாமி, மிதிக்க முடியலீங்" என்றார் அப்பா. முழுப் பொய். மறுக்க வாயைத் திறந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அந்தச் சுளுக்கு ஆறவே இல்லை. தினமும் தெரு என் காலை நலம் விசாரித்தது. ஓர் அம்மாள் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் கட்டுப் போடும் வைத்தியரைச் சொன்னார். அப்பா எல்லாருக்கும் "சரிங் சாமி, ஆகட்டுங்" என்பார். அடுத்த நாளும் என்னை உட்கார வைத்துத் தள்ளுவார். எனக்குத்தான் உயிர் போயிற்று. ஊர்த்தெருப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று விளையாட்டு நேரத்திலும் நொண்ட வேண்டியிருந்தது. பாதி நேரம் எந்தக் கால் என்பதே மறந்துபோகும். அப்பா இப்படிப் பிடிவாதமாகப் பொய் சொல்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது.

ஒரு காலை நாங்கள் தெருவின் நடுவில் இருக்கும்போதே பள்ளிக்கூட மணி கேட்டுவிட்டது. அப்பாவோ அடிமேல் அடி வைத்துத் தள்ளுகிறார். பொறுக்க முடியாமல் குதித்தேன். ரேஷன் கடை வரைக்கும் ஒரே ஓட்டம். பின்னால் தோட்டத்துக்காரரின் குரல் கேட்டது. "ஏப்பா, பாப்பாவுக்குக் கால் சரியாப் போச்சாட்ட இருக்குது? இனி நடந்தே போலாமே!" யாரோ சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா தெருநடுவில் காலி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இம்முறை இருமவில்லை. பிறகு அக்குளில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். முதலில் கிளம்பவில்லை. மறுபடி மிதித்தார். கிளம்பியது. தெருவின் மீதிப் பாதியை ஓட்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நிறுத்தி, "ஏறு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்பா, சூடாகவே இல்லீங்களே! எங்கீங்க ரிப்பேரு பண்ணுனீங்க?" என்று கத்தினேன். பள்ளி வாசல் வரை கைப்பிடி நடுங்கிக்கொண்டே வந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அப்பா தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. சில நாள் அம்மா அடுப்பை மூட்டாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. விடியுமுன் கிளம்பிப் போய், இருட்டிய பிறகு விரல்களில் இரும்புத்தூளோடு திரும்பி வருவார். நான் மட்டும் வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் வண்டி சரியாகிவிட்டது, அதனால்தான் எங்கப்பா இப்போது அவ்வளவு தூரம் வேலைக்குப் போகிறார் என்று.